காலாவதியான டொமைன் பெயர்களை அடுத்தவருக்கு நியாயமாக ஒதுக்குவது எப்படி?

"முதலில் கேட்டவருக்கே" என்ற விதி காகிதத்தில்தான் நியாயம். டாட் காம் பெயர் ஒன்று புதுப்பிக்கப்படாவிட்டால் ரிஜிஸ்ட்ரார் (பெயரை நமக்குப் பதிவு செய்து தரும் நிறுவனம்) அதை 45 நாள் வரை வைத்திருக்கலாம். நீக்கிய பின் 30 நாள் மீட்புக் காலம். பழைய உரிமையாளர் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதற்கடுத்த 5 நாள் யாரும் தொட முடியாது. பிறகு பெயர் விழும், அதாவது யார் வேண்டுமானாலும் பதியலாம். அந்த நொடியில், டாட் காம் பெயர்ப் பட்டியலை நடத்தும் ரிஜிஸ்ட்ரியான வெரிசைனின் சர்வரை நோக்கிப் பதிவுக் கட்டளைகள் பாயும். ஒரு ரிஜிஸ்ட்ராருக்கு இத்தனை இணைப்புதான் என்று வரம்பு இருப்பதால், பெயர் பிடிக்கும் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான ரிஜிஸ்ட்ரார் உரிமங்களை வைத்திருக்கின்றன. தனி ஆள் உட்கார்ந்து தட்டிப் பிடிப்பது நடக்காத காரியம்.

அதிலும் நல்ல பெயர்கள் விழும்வரை போவதே அரிது. அந்த 45 நாளுக்குள் ரிஜிஸ்ட்ராரே ஏலம் விட்டு, வென்றவர் கணக்குக்கு மாற்றிவிடுவார். (நீக்கம் நடக்காததால் பழைய பதிவுத் தேதி அப்படியே நிற்கும். விலை ஏற அதுவும் ஒரு காரணம்.) பெரிய கோளாறு இங்கேதான்: நினைவூட்ட வேண்டியவருக்கே நீங்கள் மறந்தால் லாபம். காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம், ஒரு வாரம் முன்பும், முடிந்து 5 நாளுக்குள்ளும் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று, டொமைன் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகான் அமைப்பின் 2013 விதி சொல்கிறது. தொடர்பு மின்னஞ்சல் அதே டொமைனில் இருந்தால், பெயர் முடங்கிய பின் வரும் கடைசி அறிவிப்பு யாருக்குப் போய்ச் சேரும்?

குலுக்கல் சரிவராது, ஒருவரே ஆயிரம் பெயரில் சீட்டுப் போடுவார். தடுக்கக் கட்டணம் வைத்தால், யார் அதிகச் சீட்டு வாங்குகிறார் என்ற மறைமுக ஏலமாகிவிடும்.

அதற்கு நேரடி ஏலமே மேல். மீட்புக் காலம் முழுதும் முடிந்தபின், ரிஜிஸ்ட்ரியே நடத்தும் மூடிய ஏலம் (ஒருவர் கேட்கும் விலை மற்றவருக்குத் தெரியாது). அதிகம் கேட்டவருக்குப் பெயர், ஆனால் இரண்டாமவர் சொன்ன விலைக்கு. அப்போது வேகத்துக்கும் தந்திரத்துக்கும் பலனில்லை. யாரும் கேட்காவிட்டால் வழக்கமான கட்டணத்தில் பொதுப் பதிவு. எஸ்டோனியாவின் ரிஜிஸ்ட்ரி 2019 முதல் நீக்கப்பட்ட பெயர்களைத் தானே ஏலம் விடுகிறது. வரும் பணம் ரிஜிஸ்ட்ராருக்கோ ரிஜிஸ்ட்ரியின் லாபக் கணக்குக்கோ போகக்கூடாது என்பதைத்தான் நான் முதலில் எழுதி வைப்பேன். இல்லாவிட்டால் அதே கோளாறு இடம் மாறும், அவ்வளவுதான்.

மீட்புக் காலத்தைக் குறைக்கச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் அந்த இடைவெளி தேவை. அந்த நாட்களில் பெயர் இயங்காது; பழைய முகவரிக்கு வரும் மடல்கள் திரும்பிப்போய், அனுப்புவோருக்கு விஷயம் தெரியும். இடைவெளியின்றிக் கைமாறினால், வங்கிக் கணக்கின் கடவுச்சொல் மாற்றும் மடல்கூட புதியவர் கைக்குப் போகும். ஆகவே பெயரை வேண்டுமென்றே விடுபவரும் அதற்கு முன் எல்லாக் கணக்குகளிலும் மின்னஞ்சலை மாற்றிவிட வேண்டும்.