பிரிட்டனில் வங்கி தவறாக விற்ற பிபிஐ என்ற கடன் தவணைக் காப்புறுதிப் பணத்தைத் திரும்பப் பெற்றவர்கள் இங்கே உண்டா? எப்படிப் பெற்றீர்கள்? இப்போதும் கேட்க முடியுமா?

நான் பெற்றேன். 2,943 பவுண்ட். இப்போதும் கேட்கலாமா என்றால், வங்கியிடம் நேரே கேட்கும் கதவு 2019 ஓகஸ்ட் 29 அன்று மூடப்பட்டுவிட்டது. ஒரு சின்ன யன்னல் மட்டும் திறந்து கிடக்கிறது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

2003 ஒக்டோபர். போரால் மூடிக் கிடந்த யாழ்ப்பாணப் பாதை ஏ9 திறந்து ஒன்றரை வருடம் தாண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் தங்கைக்குக் கல்யாணம் சரிவந்தது. நான் அப்போது தெற்கு லண்டனில் மச்சானோடு கூட்டாக ஒரு கடை நடத்திக்கொண்டிருந்தேன். பால், பாண், சிகரெட், லொத்தர் சீட்டு விற்கிற வழக்கமான மூலைக்கடைதான். இருந்த காசெல்லாம் கடைக்குள் சாமானாகக் கிடந்தது. கணக்கு வைத்திருந்த வங்கிக்குப் போய், ஐந்து வருடத் தவணையில் 8,000 பவுண்ட் கேட்டேன்.

வங்கியில் இருந்த பெண் நல்ல மாதிரி. திரையை என் பக்கம் திருப்பி, மாதம் 202 பவுண்ட், உங்கள் கடனுக்குப் பாதுகாப்பும் இருக்கிறது என்றார். அது கடனோடு கூடவே வருகிற ஒரு சங்கதி என்றுதான் நான் நினைத்தேன். இது இல்லாமல் தர ஏலாதோ என்று ஒருமுறை கேட்டேன். அப்படியென்றால் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும், கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார். ஊரில் மண்டபக்காரர் முற்பணம் கேட்டு நிற்கிறார். கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பாதுகாப்புதான் பிபிஐ. வேலை போனால், வருத்தம் வந்தால், விபத்து நடந்தால் உங்கள் கடன் தவணையைக் கொஞ்சக் காலத்துக்குக் கட்டிவிடும் காப்புறுதி. அப்படி ஒன்று இருப்பதில் பிழையில்லை. விற்ற விதம்தான் பிழை. என்னுடையதில் ஐந்து வருடக் கட்டுப்பணம் 1,640 பவுண்டையும் முதலிலேயே எடுத்துக் கடனோடு சேர்த்துவிட்டார்கள். கடன் 9,640 ஆனது. காப்புறுதிக்கும் சேர்த்து வட்டி! அது இல்லாமல் என் தவணை 168 பவுண்டாக இருந்திருக்கும். மாதம் 34 பவுண்டும் கொஞ்சச் சில்லறையும் கூட, அறுபது மாதம். மொத்தம் 2,065 பவுண்ட். இந்தக் கணக்கைப் போடவே எனக்கு எட்டு வருடம் பிடித்தது.

2011 மே மாதம் கடை ரேடியோவில் செய்தி போனது. பிபிஐ முறைப்பாடுகளை எப்படிக் கையாள வேண்டும் என்று ஒழுங்குமுறை அமைப்பு போட்ட விதிகளை எதிர்த்து வங்கியாளர் சங்கம் நீதிமன்றம் போய், ஏப்ரலில் தோற்று, இப்போது மேன்முறையீடும் இல்லை என்று கைவிட்டுவிட்டது. அந்தச் செய்தியில் ஒரு வரி: சுயதொழில் செய்பவர்களுக்கும் இதை விற்றிருக்கிறார்கள். பாண் அடுக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

வீட்டுக்குப் போய்க் கோப்பை எடுத்தேன். இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தவன் கடுதாசி எதையும் எறியமாட்டான். ஹோம் ஒஃபிஸ் எந்த நாளில் எதைக் கேட்கும் என்று தெரியாமல் பஸ் டிக்கெட்டைக்கூடச் சேர்த்து வைத்த காலம் அது. விசா கிடைத்த பிறகும் பழக்கம் போகவில்லை. மனைவி எத்தனையோ தரம் திட்டியிருக்கிறா. அந்தக் கோப்பில் குடிவரவுக் கடிதங்களுக்குக் கீழே 2003ஆம் ஆண்டுக் கடன் ஒப்பந்தமும், பொடி எழுத்தில் காப்புறுதிப் புத்தகமும் இருந்தன.

புத்தகத்தை மகள் வாசித்துச் சொன்னாள். சுயதொழில் செய்பவருக்கு வேலையிழப்புக் கொடுப்பனவு வேண்டுமென்றால் வியாபாரத்தை நிரந்தரமாக மூடி, வரித் திணைக்களத்துக்கும் அறிவித்திருக்க வேண்டுமாம். அதாவது வியாபாரம் படுத்துவிட்டது என்று நான் போய்க் கேட்டால், முதலில் மச்சானையும் தெருவில் விட்டுவிட்டு வா என்பார்கள். என் விண்ணப்பப் படிவத்திலோ தொழில் என்ற இடத்தில் ‘சுயதொழில், கடை’ என்று அந்தப் பெண்ணே தட்டச்சு செய்திருந்தார். அதை வைத்துக்கொண்டுதான் விற்றிருக்கிறார்கள்.

முறைப்பாட்டுக் கடிதம் ஒரு பக்கம்தான். நான் கேள்விப்பட்ட பலரும் நாலு பக்கம் எழுதி, ‘ஏமாற்றினீர்கள், மோசடி செய்தீர்கள்’ என்று கொதித்திருந்தார்கள். அது வேலைக்கு ஆகாது. கடன் இலக்கம், தேதி, அன்று என் தொழில் என்ன, அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு என்ன சான்று, காப்புறுதியின் எந்தப் பிரிவு எனக்குப் பயன்படாது, வேண்டாமென்றால் கடன் கிடைக்காது என்ற மாதிரி என்ன சொல்லப்பட்டது. இவ்வளவுதான். நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதினேன். படிவத்தின் பிரதியைக் கூட வைத்தேன்.

எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் தர வேண்டும் என்பது பொது விதி. அந்த வருடம் முறைப்பாடுகள் மலையாகக் குவிந்திருந்ததால் எனக்குச் செப்டெம்பரில்தான் பதில் வந்தது. மறுப்பு. ‘விருப்பத்துக்கு உட்பட்டது’ என்ற சொல்லுக்குக் கீழே நான் கையெழுத்திட்டிருக்கிறேனாம், ஆகவே தெரிந்துதான் வாங்கினேனாம். பலர் இந்த இடத்தில் விட்டுவிட்டார்கள். ஆங்கிலத்தில் கனத்த கடிதம் ஒன்று வந்தால் அதுதான் தீர்ப்பு என்று நினைக்கிற பயம் நமக்குக் கொஞ்சம் கூட. அது தீர்ப்பே இல்லை, எதிராளியின் பதில். அதே கடிதத்தின் கடைசிப் பக்கத்திலேயே, ஆறு மாதத்துக்குள் நிதி ஒம்புட்ஸ்மனிடம் (வங்கி முறைப்பாடுகளை நடுநின்று தீர்ப்பவர்) போகலாம், செலவில்லை என்று எழுதியிருந்தது.

போனேன். அதற்கென்று ஒரு நீளமான கேள்விப் படிவம் இருந்தது, அதை நிரப்பி அனுப்பிவிட்டு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தேன். இடையில் ஒரு அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டு, கடையை யார் நடத்தினார்கள், சம்பளச் சீட்டு இருந்ததா என்று இரண்டு கேள்வி கேட்டார். பிறகு, இந்தக் காப்புறுதி இவருக்குப் பொருந்தாது, அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தால் வாங்கியிருக்கமாட்டார் என்று வங்கிக்கு எழுதினார். வங்கி உடனே சரி என்றது. 2012 டிசம்பரில் காசு வந்தது. கட்டிய 2,065 பவுண்ட், ஒவ்வொரு தவணைக்கும் அது கட்டிய நாளிலிருந்து 8 வீதத் தனிவட்டியாக 1,098 பவுண்ட், அந்த வட்டியில் 20 வீத வருமான வரி 220 பவுண்ட் பிடித்தது போக மிச்சம். தங்கைக்குச் சொன்னபோது அவளுடைய மூத்தவன் ஏழாவது பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தான்.

என் மச்சானும் இதே மாதிரிக் கடன் எடுத்தவர். அவர், காசை வாங்கித் தருகிறோம் என்று கூலிக்கு முறைப்பாடு எழுதுகிற ஒரு கோரிக்கைக் கொம்பனியிடம் கொடுத்தார். நூற்றுக்கு 30, அதற்கு மேல் வாட் வரி, ஆக 36. அவர்கள் செய்தது என்னவென்றால், நான் எழுதிய அதே ஒரு பக்கத்தை எழுதியதுதான், அதுவும் பெயரைப் பிழையாக. பிபிஐ கோரிக்கைகளுக்கு 20 வீதம், அதற்கு மேல் வாட் வரி என்று உச்சவரம்பு வந்தது 2018 ஜூலையில்தான். அதற்குள் எத்தனை பேர் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டார்கள்! வங்கிமேல் எனக்கு இருந்த கோபத்தைவிட இந்தக் கொம்பனிகள்மேல்தான் கூட.

மனைவியின் கதை வேறு. அவவுக்குக் கிரெடிட் கார்டில் பிபிஐ இருந்தது. மாத மீதியில் 100 பவுண்டுக்கு 79 பென்ஸ் வீதம் வருடக்கணக்காகப் போயிருந்தது. அவ சம்பளத்துக்கு வேலை செய்தவ, காப்புறுதி அவவுக்குப் பயன்பட்டிருக்கும், ஆகவே 2013இல் முறைப்பாடு நிராகரிக்கப்பட்டது. ஒம்புட்ஸ்மனும் அதையே சொன்னார். நியாயம்தான், நாங்களும் விட்டுவிட்டோம்.

ஆனால் 2014 நவம்பரில் பிளெவின் எதிர் பாரகன் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பிளெவின் என்ற அம்மா, பாரகன் என்ற கடன் கொம்பனியிடம் எடுத்த 34,000 பவுண்ட் கடனுக்கு 5,780 பவுண்ட் காப்புறுதி வாங்கியிருந்தார். அதில் 71.8 வீதம் விற்றவர்கள் எடுத்த தரகுக்கழிவு. காப்புறுதிக் கொம்பனிக்குப் போய்ச் சேர்ந்தது 1,630 பவுண்ட்தான். இவ்வளவு பெரிய கழிவைச் சொல்லாமல் மறைத்ததே அந்தக் கடன் உறவை நியாயமற்றதாக்குகிறது என்றது நீதிமன்றம். எனக்கு இதை வாசித்தபோது ஊரில் அம்மா போட்ட சீட்டுதான் ஞாபகம் வந்தது. சீட்டை நடத்திய எங்கள் தாச்சி மாமி தன் கழிவு எவ்வளவு என்று முற்றத்தில் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டுத்தான் சீட்டைத் தொடங்குவா.

இதற்குப் பிறகு, காப்புறுதி ஒழுங்காக விற்கப்பட்டிருந்தாலும் கழிவு 50 வீதத்துக்கு மேல் இருந்து அதை மறைத்திருந்தால், மேலதிகப் பங்கை வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை அமைப்பான நிதி நடத்தை அதிகாரசபை விதி செய்தது. ஏற்கெனவே நிராகரித்தவர்களுக்கு வங்கிகளே கடிதம் எழுதவும் வேண்டியிருந்தது. மனைவிக்கு அப்படி ஒரு கடிதம் வந்தது. குப்பை விளம்பரம் என்று எறியப் போனா, என் பழக்கம் அங்கே உதவியது. 312 பவுண்ட் வந்தது.

2019 கடைசித் தேதிக்கு முந்திய இரண்டு வருடம் நடிகர் ஆர்னோல்ட் ஷ்வார்ஸ்நெகரின் தலையைப் பொம்மையாகச் செய்து, அது பிபிஐ முறைப்பாட்டை ‘இப்போதே செய்’ என்று தொலைக்காட்சியில் கத்திக்கொண்டே திரிந்தது. பார்க்கச் சகிக்காது, ஆனால் மறக்கவும் முடியாது. 2011 முதல் வங்கிகள் திருப்பிக் கொடுத்தது 38 பில்லியன் பவுண்டுக்கு மேல்.

இனி அந்த யன்னல். கடுமையான நோய் போன்ற விதிவிலக்கான காரணம் இல்லாவிட்டால் 2019 ஓகஸ்ட் 29க்குப் பிந்திய முறைப்பாட்டை வங்கி எடுக்கத் தேவையில்லை. நீதிமன்றம் வேறு. கனடா ஸ்குவேர் என்ற கடன் கொம்பனி எதிர் பாட்டர் என்ற வாடிக்கையாளர் வழக்கில் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கழிவை வேண்டுமென்றே மறைத்திருந்தால் ஆறு வருடக் காலக்கெடு, வாடிக்கையாளர் அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அல்லது கவனமாக இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளிலிருந்துதான் ஓடும் என்றது. அந்த வழக்கில் கட்டுப்பணத்தில் 95 வீதத்துக்கு மேல் கழிவு! கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பொம்மைத் தலை வீடு வீடாகக் கத்திய பிறகு, எனக்கு இப்போதுதான் தெரியும் என்று நீதிபதி முன் சொல்வது லேசில்லை. வழக்குச் செலவையும் யோசியுங்கள். பழைய ஒப்பந்தம் கையில் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

முன்பே பணம் வாங்கியவர்கள் ஒன்றைப் பாருங்கள். வட்டியில் பிடித்த 20 வீத வரி உங்களுக்குத் திரும்ப வரக்கூடியதாக இருந்தால், ஆர்40 என்ற படிவத்தில் வரித் திணைக்களத்திடம் நேரே கேட்கலாம். கட்டணம் இல்லை, ஆனால் நான்கு வரியாண்டுகள் வரைதான் பின்னோக்கிப் போகலாம். இதையும் செய்து தருகிறோம் என்று பாதியைப் பிடுங்கும் கொம்பனிகள் உண்டு.

அழைப்புகளும் இன்னும் நிற்கவில்லை. போன மாதம் ஒருவன் கூப்பிட்டு, உங்கள் பெயரில் 4,000 பவுண்ட் பிபிஐ காசு காத்திருக்கிறது, அனுப்புவதற்கு 150 பவுண்ட் மட்டும் கட்ட வேண்டும் என்றான். சரி தம்பி, அந்த 150ஐ அதிலேயே கழித்துக்கொண்டு மிச்சம் 3,850ஐ அனுப்பிவிடுங்கோ என்றேன். வைத்துவிட்டான்.