கப்பல் சூட்டில் பட்லருக்குத் தனியாக டிப்ஸ் தர வேண்டுமா?

கேட்டவர் முதல்முறையாகப் பயணக் கப்பலில் சூட் (சாதாரண அறையைவிடப் பெரிய, சொகுசு அறை) புக் செய்திருக்கிறார். பட்லர், அதாவது அந்த அறைக்காரர்களின் தேவைகளைக் கவனிக்கும் தனி உதவியாளர், சேவையும் உண்டாம். ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று டிப்ஸ் தொகை தானாகவே கணக்கில் ஏறுகிறது. "அதை எடுக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பணத்தை நமக்காக ஓடுகிற பட்லர் கையிலேயே கொடுத்துவிடலாமா?" என்பது அவருடைய கேள்வி.

நல்ல மனதோடு கேட்ட கேள்விதான். ஆனாலும் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நான் ஏழு வருடம் பயணக் கப்பல்களில் வேலை பார்த்தவன். முதல் இரண்டு கான்ட்ராக்ட் சூட் தளத்தில் உதவி அட்டெண்டன்ட் (அறையைச் சுத்தம் செய்பவருக்கு உதவியாள்), அதற்குப் பிறகு பட்லர். பணம் எந்த வழியாக யார் கைக்கு வருகிறது என்பதை இரண்டு இடத்திலும் நின்று பார்த்திருக்கிறேன்.

ஒரு ஒன்பது இரவுப் பயணம். கடைசி நாள் இரவு பேன்ட்ரி வாசலில் நின்று கப் அண்ட் சாஸர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். என் சூட்களில் ஒன்றில் தங்கியிருந்தவர் தேடி வந்து, மடித்த இரண்டு 100 டாலர் நோட்டுகளை என் உள்ளங்கையில் அழுத்தினார். "கணக்கில் போட்டிருந்த டிப்ஸை எடுக்கச் சொல்லிவிட்டோம். இது முழுக்க உங்களுக்குத்தான், வேறு யாருக்கும் போகாது" என்றார். முகத்தில் அவ்வளவு அன்பு. நானும் நன்றி சொன்னேன். அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. இப்படித் தானாக ஏறும் தினசரித் தொகையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்ட அறைகளின் பட்டியல் எங்கள் கப்பலில் சூப்பர்வைசரிடம் வந்துவிடும். அந்த அறைகளிலிருந்து யாருக்குக் கையில் பணம் வந்தாலும் அதைப் பொதுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது விதி. மறுநாள் காலை அந்த 200 டாலரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து அவர்கள் எடுத்துவிட்ட தொகை 300 டாலருக்கு மேல். ஆக, யாருக்கு நல்லது செய்ய நினைத்தார்களோ அவனுக்கும் கிடைக்கவில்லை. ஒன்பது நாளும் அவர்கள் குளியலறையைத் தினம் இரண்டு முறை கழுவியவனுக்கும் குறைந்துபோனது.

இந்த விதி எல்லாக் கப்பலிலும் இல்லை. பல கப்பல்களில் உண்டு, வெளியே சொல்ல மாட்டார்கள்.

தினசரித் தொகை என்பது உங்கள் கண்ணுக்குத் தெரிகிற ஒருவருக்கான பணம் அல்ல. நீங்கள் காலைச் சாப்பாட்டுக்குப் போனதும் படுக்கை விரிப்பை மாற்றுகிறவர், உணவகத்தில் உங்கள் மேசை வெயிட்டர், அவருடைய அசிஸ்டென்ட், பஃபேயில் தட்டு எடுப்பவர் என்று பலருக்கு அது பிரிகிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் பங்கு வேறுபடும். சில இடங்களில் லாண்டரியிலும் சமையலறையிலும் இருப்பவர்கள் வரை போகும். சூட்டில் இருப்பவர்களிடம் கொஞ்சம் கூடுதலாக வாங்குவார்கள். 2025 நிலவரப்படி, ராயல் கரீபியன் என்ற கப்பல் நிறுவனத்தில் சாதாரண அறைக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 18.50 டாலர் என்றால் சூட்டுக்கு 21. நார்வீஜியன் நிறுவனத்தில் 20 என்றால் ஹேவன் (அவர்களுடைய தனிச் சொகுசுப் பகுதி), சூட்களுக்கு 25. இருவர், ஏழு இரவு என்று போட்டுப் பாருங்கள், நார்வீஜியன் சூட்டில் 350 டாலர் வருகிறது. சிறிய தொகை இல்லை, புரிகிறது. ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை இது ஏறிக்கொண்டும் இருக்கும். அதனால் நான் சொல்லும் எண்ணைவிட உங்கள் புக்கிங் தாளில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். முன்கூட்டியே கட்டிவிட வசதி இருந்தால் கட்டிவிடுவது நல்லது, கடைசி நாள் பில்லைப் பார்த்து மனம் கசக்காது.

அடுத்தது, அந்தத் தொகையில் பட்லருக்குப் பங்கு உண்டா என்பது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சூட்டுக்குக் கூடுதலாக வாங்குகிறார்களே, அது பட்லருக்குத்தானே என்று நினைப்பது இயல்பு. ஆனால் நார்வீஜியன் தன் விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கிறது: பட்லர், கான்சியர்ஜ் (முன்பதிவு போன்ற ஏற்பாடுகளைச் செய்து தருபவர்) போன்றவர்கள் சில பயணிகளுக்கு மட்டும் தனிப்பட்ட முறையில் சேவை செய்பவர்கள், தினசரித் தொகையில் அவர்களுக்குப் பங்கில்லை, நன்றாகச் செய்தால் நீங்களே தனியாகக் கொடுங்கள் என்று. வேறு சில நிறுவனங்களில் பட்லருக்கும் அதிலேயே பங்கு வந்துவிடும். சில்வர்சீ, ரீஜென்ட், சீபார்ன் போன்ற சொகுசுக் கப்பல்களில் டிக்கெட் விலையிலேயே டிப்ஸ் அடக்கம். அங்கே யாரும் உங்களிடம் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். சில்வர்சீயில் எல்லா சூட்டுக்கும் பட்லர் உண்டு, கொடுக்காமல் இறங்கினால் அவர் முகம் சுளிக்க மாட்டார். ஆகவே கப்பல் ஏறும் முன்பே நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, "தினசரித் தொகையில் பட்லர் அடக்கமா?" என்று ஒரே ஒரு வரி கேட்டுவிடுங்கள். இணையத்தில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வதற்குக் காரணம், பத்துப் பேரும் வேறு வேறு கப்பலில் போனவர்கள் என்பதுதான்.

எவ்வளவு? தினசரித் தொகையில் பங்கு இல்லாத கப்பலில், ஒரு வாரப் பயணத்துக்கு ஒரு சூட்டிலிருந்து என் கைக்குப் பெரும்பாலும் வந்தது 50 முதல் 100 டாலர். நாளுக்கு 10 டாலர் என்று வைத்துக் கொடுத்தவர்கள் நிறையப் பேர், அதை நான் மரியாதையான தொகையாகவே நினைத்தேன். பெரிய குடும்பம், அடுத்தடுத்த இரண்டு சூட், தினமும் அறையிலேயே காலைச் சாப்பாடு, பிறந்தநாள் அலங்காரம் என்று வேலை கூடியபோது அவர்களாகவே கூட்டிக் கொடுத்தார்கள். பட்லரைக் கூப்பிடவே கூப்பிடாத பயணிகளும் உண்டு. பெட்டியைத் தாங்களே பிரித்துக்கொள்வார்கள், மாலைச் சிற்றுண்டித் தட்டும் வேண்டாம் என்பார்கள். அவர்கள் 20 டாலர் கொடுத்தாலே எனக்குக் கூச்சமாக இருக்கும். ஒன்றும் கொடுக்காமல், கைகுலுக்கி விடைபெற்றுப் போனாலும் தவறே இல்லை. சூட்டின் விலையில் இத்தனை சதவீதம் என்று கணக்குப் போடாதீர்கள். பெரிய சூட்டுக்கு விலை பல மடங்கு, அதில் ஓடும் கால்களுக்கு அத்தனை மடங்கு வேலை கிடையாது.

முதல் நாளே கொஞ்சம் கொடுத்து வைத்தால் நன்றாகக் கவனிப்பார்களா என்று பலரும் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன். முதல் நாளே கொடுத்தவரின் பெயர் மனதில் நின்றது, அவர் மணி அடித்தால் ஒரு நொடி முன்னால் எழுந்தேன். அதைத் தாண்டி எதுவும் மாறவில்லை, ஏனென்றால் பட்லருக்கு பத்துப் பதினைந்து அறைகள் இருக்கும், எல்லோருடைய காலைச் சாப்பாடும் அதே ஏழரை மணிக்குத்தான். முதல் நாள் பணத்தைவிட எனக்கு உதவியது, முதல் நாள் பேச்சு. "காலையில் காபி மட்டும் சீக்கிரம் வேண்டும், மாலைத் தட்டில் இறைச்சி வேண்டாம், அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், கதவைப் பலமாகத் தட்டுங்கள்" என்று ஏறியதுமே சொல்லிவிட்ட குடும்பத்துக்கு அந்த வாரம் முழுக்க ஒரு குறையும் வைக்காமல் செய்ய முடிந்தது.

இன்னொன்று, மதியம் பட்லரைக் காணோம் என்று கோபப்படாதீர்கள். கடல் தொழிலாளர்களுக்கான உலக ஒப்பந்தப்படி (2006இல் நிறைவேறியது, 2013 முதல் நடைமுறை) 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு தர வேண்டும். அதை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது, அதில் ஒரு துண்டு 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். அதனால் காலையில் ஓடி, மதியம் படுத்து, மாலை மறுபடி எழுந்து இரவு வரை நிற்பதுதான் பெரும்பாலான பட்லர்களின் நாள். வாரத்தின் ஏழு நாளும் அப்படித்தான், பல மாதங்களுக்கு. மதியம் இரண்டு மணிக்குச் சட்டையை இஸ்திரி போடக் கூப்பிட்டால், தூங்குகிறவனைத்தான் எழுப்புகிறீர்கள். காலையிலேயே கொடுத்துவிட்டால் மாலைக்குள் அலமாரியில் தொங்கும்.

கொடுக்கும் நேரம் கடைசி நாள் மாலை. இறங்கும் காலை வேண்டவே வேண்டாம். பெட்டிகளை முந்தைய இரவே வெளியே வைத்திருப்பீர்கள், எட்டு மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், மதியம் அடுத்த பயணிகள் ஏறுவார்கள். அந்த சில மணி நேரத்தில் நாங்கள் யாரையும் நின்று பார்க்கும் நிலையில் இருக்க மாட்டோம். காலையில் கவரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி அலைந்து, கடைசியில் யாரிடமோ கொடுத்துவிட்டுப் போன பயணிகளும் உண்டு. அந்தக் கவர் எனக்கு வந்ததும் உண்டு, வராததும் உண்டு.

பணமாகவே கொடுங்கள், டாலர் நோட்டாக. கப்பலில் எல்லாமே அறைச் சாவி அட்டையில் நடப்பதால் கையில் காசே இல்லாமல் ஏறிவிடுகிறார்கள். பிறகு கப்பல் ஏடிஎம்மில் கமிஷன் கட்டி எடுக்க வேண்டியிருக்கும். 10, 20 டாலர் நோட்டுகளாகக் கொண்டுவாருங்கள். நாணயம் வேண்டாம், ஊருக்குக் கொண்டுபோனால் மாற்ற முடியாது. கிழிந்த, மை பட்ட நோட்டுகளையும் பல நாட்டு வங்கிகள் வாங்காது. என் அறைத் தோழன் ஓரம் கிழிந்த 50 டாலர் நோட்டு ஒன்றை மூன்று துறைமுகங்களில் மாற்றப் பார்த்துத் திரும்பக் கொண்டுவந்தான். பொருளாகக் கொடுக்க ஆசைப்பட்டால், சாக்லேட் பெட்டியோ திறக்காத பாட்டிலோ எதுவானாலும், அறை எண் போட்டு "இது நாங்கள் கொடுத்தது" என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி வையுங்கள். எங்கள் கப்பலில் சீட்டு இல்லாமல் பயணியின் பொருள் ஊழியர் அறையில் இருந்தால் திருட்டாகத்தான் பார்ப்பார்கள்.

பட்லர் கொண்டுவரும் மதுபானச் சீட்டையும் கவனியுங்கள். அதில் 18 அல்லது 20 சதவீதம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். கீழே "கூடுதல் டிப்ஸ்" என்று ஒரு காலிக் கோடு இருப்பது கட்டாயத்துக்காக அல்ல. கோடு போட்டு அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

சேவை சரியில்லை என்றால்? இரண்டாம் நாளே சொல்லுங்கள். பட்லரிடம் சொல்லச் சங்கடமாக இருந்தால் தலைமை பட்லரிடமோ கெஸ்ட் சர்வீஸ் கவுண்டரிலோ சொல்லுங்கள். ஆள் மாற்றித் தருவார்கள். ஏழு நாளும் சிரித்துவிட்டு, கடைசி இரவு கவுண்டருக்குப் போய் தினசரித் தொகையை எடுத்துவிடுவது நடக்கிறது, நானும் பார்த்திருக்கிறேன். அதில் தண்டனை கிடைப்பது பட்லருக்கு அல்ல. நார்வீஜியன் மாதிரி பட்லருக்குப் பங்கே இல்லாத கப்பலில் நினைத்துப் பாருங்கள்: பட்லர் மீதான கோபத்தில் எடுத்த பணம், அவரைத் தவிர மற்ற எல்லோருடைய பையிலிருந்தும் போகிறது!

தினசரித் தொகையைத் தொடாதீர்கள், பட்லருக்குப் பங்கு இல்லாத இடத்தில் தனியே ஒரு கவர் கொடுங்கள் என்பதோடு இன்னொரு கவரையும் கேட்டுக்கொள்கிறேன், சிறியதானாலும் சரி. சூட்டில் உங்கள் முன்னால் வந்து நிற்பது பட்லர் ஒருவர்தான். அட்டெண்டன்ட்டைக் கதவருகே எப்போதாவது பார்ப்பீர்கள். உதவி அட்டெண்டன்ட்டைப் பார்க்கவே மாட்டீர்கள், நீங்கள் வெளியே போன பிறகுதான் அவன் உள்ளே வருவான். நான் அந்த வேலையில் இருந்த முதல் கான்ட்ராக்ட்டில், தனியாகப் பயணம் செய்த ஒரு வயதான அம்மா இரண்டாம் நாள் பட்லரிடம், "உங்களைத் தவிர இந்த அறைக்கு யார் யார் வருகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார். பட்லர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினார். கையில் குப்பைப் பை, முழங்கை வரை ஈரம். அந்த அம்மா என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி ஒரு தாளில் குறித்துக்கொண்டார். கடைசி நாள் எனக்கென்று ஒரு கவர் இருந்தது, 20 டாலர், மேலே என் பெயர் பிழையில்லாமல். பயணம் முடிந்து நிறுவனம் அனுப்பும் கருத்துப் படிவத்திலும் அதே பெயரை எழுதியிருந்தார். எங்கள் கப்பலில் பெயர் சொல்லி வரும் பாராட்டைப் பதவி உயர்வின்போது எடுத்துப் பார்ப்பார்கள். பட்லர் பயிற்சிக்கு என்னைக் கூப்பிட்ட அன்று மேசை மேல் என் கோப்பு திறந்திருந்தது. முதல் தாள் அந்தப் படிவம்தான்.