ருசி பார்த்தது ஒன்று, பையில் வந்தது ஒன்று

கொழும்பில் ஒரு டிப்பார்ட்மென்ட் ஸ்டோர் நடத்திய வெளிநாட்டு உணவுக் கண்காட்சிக்குப் போய்வந்தவர்கள் எழுதிய கடிதங்களில் சில இங்கே. நீண்டவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் சுத்த சைவம். கொரிய மேசையில் கிம்ச்சி தந்தார்கள். "மீன், முட்டை ஏதும் இருக்கா?" என்று கேட்டேன். "வெறும் கோவாதான் அன்ரி" என்றாள் அங்கே நின்ற பிள்ளை. ருசி பார்த்து ஒரு போத்தலும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து வாசித்தால் இறால் என்று போட்டிருக்கிறது. மனசு ஆறவில்லை.
வாசகி, வெள்ளவத்தை

பதில்: கேட்டுவிட்டுத்தானே சாப்பிட்டீர்கள் அம்மா, உங்கள் மேல் எந்தப் பிழையும் இல்லை. கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ மீன் சோஸோ சேர்ப்பதுதான் கொரியாவில் வழக்கம். சேர்க்காததும் உண்டு, ஆனால் தேடித்தான் வாங்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் அந்தப் பிள்ளையை மேசையில் நிறுத்தியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். போத்தலையும் பில்லையும் கொண்டுபோய் மனேஜரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஜப்பானிய மிசோ சூப்பிலும் கவனம்: அதன் சாறு பெரும்பாலும் கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீனில் இறக்குவது. நம் மாசிக்கருவாடு எந்தச் சூரை மீனில் செய்கிறதோ அதே மீன்தான் அதுவும். இனிமேல் வாயில் வைக்கும் முன் போத்தலைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லா மேசையிலும் ருசி பார்த்தேன், ஒன்றுமே வாங்கவில்லை. தப்பா?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை.

கேள்வி: பாணில் தொட்டுத் தந்த ஒலிவ் எண்ணெய் நல்ல மணம், தொண்டையில் லேசான காரம். பாதி விலை என்றார்கள், இரண்டு லீற்றர் வாங்கினேன். வீட்டில் திறந்தால் மணமே இல்லை. போத்தலில் "ஒலிவ் பொமஸ் ஒயில்" என்றிருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?
வாசகர், தெஹிவளை

பதில்: உங்களுக்குத் தொட்டுத் தந்தது எக்ஸ்ட்ரா வெர்ஜினாக, அதாவது பழத்தைப் பிழிந்து நேரே எடுத்த எண்ணெயாக இருக்கும். ஒன்றைத் தந்து வேறொன்றைக் கட்டிக்கொடுத்திருந்தால் அது கள்ளத்தனம்தான். ஆனால் போத்தலின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை, காசு கொடுக்கும் முன் ஒருமுறை வாசித்திருக்கலாமே! எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையிலிருந்து கரைப்பான் ஊற்றிப் பிரித்து, சுத்திகரித்து எடுப்பது பொமஸ். பொரிக்கலாம், கெடுதல் இல்லை. மணத்துக்காக வாங்குவதானால் வேண்டாம்.

கேள்வி: டிசம்பரில் ஜப்பானியப் பிஸ்கட் பெட்டி வாங்கினேன். கடை ஒட்டிய ஸ்டிக்கரில் காலாவதி 2026 பெப்ரவரி. பிள்ளை அதைப் பிய்த்துவிட்டான். கீழே 25.11.08 என்று அச்சிட்டிருக்கிறது. கடையில் கேட்டால், அது தொகுதி எண்ணாம்.
வாசகி, வத்தளை

பதில்: தொகுதி எண் அல்ல. ஜப்பானில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில்தான் போடுவார்கள். அது 2025 நவம்பர் 8. பக்கத்தில் நான்கு எழுத்துகள் இருக்கும், போன் கமெராவைப் பிடித்தால் அது காலக்கெடு என்று மொழிபெயர்த்துச் சொல்லும். அந்த நாள் கடந்த பிஸ்கட் உடனே நஞ்சாகிவிடாது. ஆனால் உற்பத்தியாளர் போட்ட திகதியை மூடி, தன் இஷ்டத்துக்கு இன்னொன்றை ஒட்ட இவர்கள் யார்?

இந்த ஸ்டிக்கர் விஷயத்தில் எனக்குப் பொறுமையே கிடையாது. மருமகளின் பிறந்தநாளுக்கு நான் வாங்கிய சொக்லேட் பெட்டி ஒன்றைத் திறந்தபோது உள்ளே எல்லாம் வெள்ளை பூத்திருந்தது. அடியில் திகதி இருந்த இடம் மட்டும் தின்னர் போட்டுத் துடைத்ததுபோல் பளபளத்தது. அந்தப் பிள்ளையின் முகம் வாடியதை நான் மறக்கவில்லை.

இறக்குமதி உணவு நாட்டுக்குள் நுழையும்போது அதன் ஆயுளில் 60 சதவீதமாவது மிச்சமிருக்க வேண்டும் என்பது இங்கே விதி. பத்து மாத ஆயுளுள்ள பிஸ்கட் என்றால் வரும்போது ஆறு மாதம் இருக்க வேண்டும். அப்படி வந்ததை விற்காமல் களஞ்சியத்தில் கிடக்கவிட்டு, கண்காட்சி என்றதும் தட்டிக்கொட்டி எடுத்து ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, லேபிளை அகற்றுவதும் மாற்றுவதும் குற்றம். அப்படி மாற்றிய பொருளை விற்பதும் குற்றம். பெட்டியை எறியாதீர்கள். பிய்த்த ஸ்டிக்கர், பில், பெட்டி மூன்றையும் படம் எடுத்து, அந்த அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். அப்புறம் எழுத்திலும் முறைப்பாடு கொடுங்கள், வாங்கி மூன்று மாதத்துக்குள். உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லுங்கள். மேசையில் மிச்சமிருக்கும் பெட்டிகளைப் பறிமுதல் செய்ய அவரால் முடியும்.

கேள்வி: அங்கே வாங்கிய மென்மையான பிரெஞ்சு சீஸ் புளித்து நாறுகிறது. வாங்கியபின் படம் பார்க்கப் போனோம், நாலு மணித்தியாலம் காரில் இருந்தது. பில்லும் இல்லை. காசைத் திருப்பிக் கேட்கலாமா?
வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: எதை வைத்துக் கேட்பீர்கள்? வெயிலில் மூடிய காருக்குள் நாலு மணித்தியாலம் கிடந்தால் எந்த நாட்டுச் சீஸும் தாங்காது. அடுத்த முறை அதைக் கடைசியாக வாங்கி, நேரே வீட்டுக்குப் போங்கள்.