பள்ளி மேலாண்மைக் குழுவில் வளரிளம் பருவ வகுப்புக்கு எதிர்ப்பு. பெற்றோருக்கு இதில் என்ன அதிகாரம் உண்டு?

கேட்டிருப்பவர் குடியாத்தம் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு அம்மா என்று எடுத்துக்கொள்கிறேன். வயதுக்கு வருவது, உடல் சுத்தம், பாலியல் பாதுகாப்பு பற்றி வகுப்பு வைக்கலாம் என்று யாரோ பேச்செடுத்ததும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள், இல்லையா? ஊர் ஊராகப் பெற்றோர் கூட்டங்களில் இதைப் பேசுகிற வேலையில் இருக்கிறவள் என்பதால் பதில் எழுதுகிறேன். வக்கீல் இல்லை, சட்ட நுணுக்கத்துக்கு வக்கீலைத்தான் கேட்க வேண்டும்.

அந்தப் பாடம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கிற இடம் உங்கள் குழு கிடையாது. பாடத்திட்டம் மாநில அரசின் பொறுப்பு. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வளரிளம் பருவமடைதல் ஏற்கெனவே ஒரு பாடம். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம் இருக்கிறது. 2020ல் வந்த போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) விதிகளும், பிள்ளைகளின் வயதுக்கேற்ற பாதுகாப்புப் பாடத்தை அரசு தயாரிக்க வேண்டும் என்கின்றன. யார் நடத்துவது, எந்த நேரத்தில், எந்தப் படங்களைக் காட்டி, யார் உடன் இருப்பது என்பதையெல்லாம் தலைமையாசிரியரோடு உட்கார்ந்து பேசி வகுத்துக்கொள்ள உங்களுக்கு முழு இடம் உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சொல்வது வந்து கையெழுத்துப் போட்டுப் போவதற்காக இல்லை.

எதிர்ப்பு ஏன் கிளம்புகிறது என்பதற்கு 2007ஐப் பார்த்தால் போதும். மத்திய அரசும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மகாராஷ்டிரா, குஜராத், கர்நாடகா உள்பட பல மாநிலங்கள் நிறுத்தி வைத்தன. ஆசிரியர்களுக்குக் கொடுத்த படங்கள்தான் பெரிய சர்ச்சை. பெற்றோர் அந்தப் படங்களைப் பார்த்ததே செய்தியில்தான். எந்த அம்மா அப்பாவும் கோபப்படத்தான் செய்வார்கள். ஆகவே பிள்ளைக்குக் காட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் பெற்றவர்களிடம் காட்டிவிட வேண்டும். பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கிவிடும்.

எப்படிக் காட்டுவது? மேலாண்மைக் குழுக் கூட்டம் வழக்கமாக மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பிற்பகலில் வரும். அந்த நேரத்தில் ஷூ கம்பெனிக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற அம்மாக்கள் வர மாட்டார்கள். பீடி சுற்றுகிறவர்களுக்கு அன்றைய கணக்கு முடிந்திருக்காது. வருகிறவர்களே திரும்பத் திரும்ப வருவார்கள். வராதவர்கள் மறுநாள் தெருவில் கேள்விப்பட்டதை வைத்துச் சண்டைக்கு வருவார்கள். அதனால் இதற்கென்று தனியாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டுங்கள், அல்லது மகளிர் குழு கூடுகிற நாளோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பாக்களுக்குத் தனிக் கூட்டம் வேண்டும். கலந்து உட்கார வைத்தால் பெண்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். பேரணாம்பட்டு மாதிரி ஊர்களில் உருது பேசுகிற ஒரு அம்மாவை முன்னால் உட்கார வையுங்கள், ஜமாத் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை போன்ற மலை ஊராட்சிகளில் பள்ளிக்கு வரச் சொல்லாமல் நீங்களே ஊருக்குப் போவதுதான் சரி.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். முதல் கால் மணி நேரம் கிராம சுகாதார செவிலியர் ரத்தசோகை பற்றிப் பேசட்டும். அதில் யாருக்கும் கூச்சம் இருக்காது. வாராவாரம் பள்ளியில் கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை மேசையில் வையுங்கள். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. 'இது கருத்தடை மாத்திரை' என்ற புரளி இன்னும் சுற்றுகிறது. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும், மலம் கறுப்பாகப் போகும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அதையே ஆதாரம் என்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆசிரியரும் ஒரு அம்மாவும் முதலில் விழுங்கிக் காட்டிவிட்டுக் கொடுத்தால் புரளி அடங்கிவிடும். டீயோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அடுத்து பாடப்புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தை ஒரு அம்மாவை விட்டே வாசிக்கச் சொல்லுங்கள். கடைசியாகத்தான் படங்கள். ஒவ்வொரு படத்தையும் கையில் கொடுத்து, எந்த வகுப்புக்கு எது என்று பின்பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். பெரும்பாலோர் ஏற்காத படத்தை எடுத்துவிடலாம், அதில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. புத்தகத்தில் இருக்கிற படத்தை மட்டும் எடுக்க முடியாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

எந்த வகுப்பில் தொடங்குவது என்பதில்தான் பல ஊர்கள் சறுக்குகின்றன. ஒன்பதாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானமாக முடித்துவிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு உடல் மாற்றம் 8 முதல் 13 வயதுக்குள், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் தொடங்கிவிடும். ஒன்பதாம் வகுப்பில் சொன்னால் நடந்து முடிந்ததைத்தான் சொல்கிறோம். ஆறாம் வகுப்பிலேயே மாதவிடாய் என்றால் என்ன, முதல் ஓரிரு வருடம் நாள் தள்ளிப் போவது சகஜம், துணியோ நாப்கினோ நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் சொல்லிவிட வேண்டும். மாற்ற வேண்டும் என்று சொல்கிற பள்ளியில் தாழ்ப்பாள் போடக்கூடிய கழிப்பறையும், தண்ணீரும், மூடி போட்ட குப்பைக் கூடையும் இருக்கிறதா என்று முதலில் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் குழு தயாரிக்கிற பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் முதல் வரியாக அதைத்தான் எழுத வேண்டும்.

தீர்மானத்தை 'விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். அப்படி எழுதியது எதுவும் நடக்காது. எந்த வகுப்பு, எந்தக் கிழமை, எந்தப் பாடவேளை, நடத்துகிறவர் யார், உடன் இருக்கும் ஆசிரியை யார், படங்களும் பாடக் குறிப்பும் எங்கே யார் வந்தாலும் பார்க்கக் கிடைக்கும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வெளியாட்களை அழைப்பதாக இருந்தால் கல்வித் துறையின் எழுத்து அனுமதி கையில் இருக்க வேண்டும். 2024ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாம் என்ற பெயரில் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமையை மறக்கக் கூடாது. எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வெளியாளைப் பிள்ளைகளோடு தனியாக விடாதீர்கள்.

வகுப்பில் 40 பேருக்கு மேல் வேண்டாம். முதலில் ஆண், பெண் தனித்தனியாக, பிறகு ஒரு வகுப்பு சேர்ந்து. கேள்விப் பெட்டிக்கு ஷூ அட்டைப்பெட்டியில் ஒரு கீறல் போட்டால் போதும். ஆனால் அதைத் தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டினால் ஒரு சீட்டும் விழாது, போடுகிறவரை எல்லோரும் பார்ப்பார்கள். ஒரே அளவில் வெட்டிய காகிதத்தை எல்லோருக்கும் கொடுத்து, கேள்வி இல்லாதவர்களும் 'கேள்வி இல்லை' என்று எழுதிப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். அப்போதுதான் யார் கேட்டது என்று தெரியாது. இரண்டு பேர் சேர்ந்து பெட்டியைத் திறக்க வேண்டும். எழுதியது யார் என்று கையெழுத்தை வைத்துத் தேடக் கூடாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. 'வீட்டில் ஒருத்தர் தொடுகிறார்' என்கிற மாதிரி ஒரு சீட்டு வரலாம். அப்போது அந்தப் பிள்ளை யாரென்று பதமாக, அவமானப்படுத்தாமல் கண்டறிந்து பாதுகாக்க வேண்டும். கூட்டம் போட்டு விசாரிக்காதீர்கள், ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள், ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிக்காதீர்கள். காவல் நிலையத்துக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தகவல் சொல்ல வேண்டும் என்பது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் அழைக்கலாம். சொல்வதற்குச் சாட்சி தேவையில்லை. மறைத்தவருக்கும் தண்டனை உண்டு. தனக்குக் கீழே வேலை செய்கிறவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை.

ஆண் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் நடத்துவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 18 வயதுக்குக் கீழே இருக்கும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனால், அவள் சம்மதித்திருந்தாலும், தாலியே கட்டியிருந்தாலும் சட்டம் விடாது என்பது எத்தனை பையன்களுக்குத் தெரியும்? ஜெயிலுக்குப் போன பிறகு வீட்டில் அழுது என்ன பயன்?

கேட்டதற்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த வகுப்புக்கு நேரம் எங்கே என்று கேட்டால் எல்லோரும் பி.டி. பீரியடைக் கைகாட்டுகிறார்கள். அதை ஏற்கெனவே கணக்குக்கும் அறிவியலுக்கும் பிடுங்கிக்கொண்டாகிவிட்டது. தேர்ச்சி விகிதம் ஏற வேண்டும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு வருடம் மைதானத்தில் கால் வைப்பதில்லை. உடல்நலம் சொல்லிக் கொடுக்க விளையாட்டு நேரத்தை எடுப்பது எந்த நியாயம்? அறிவியல் பாடவேளையிலேயே நடத்துங்கள், அது அந்தப் புத்தகத்தின் பாடம்தானே.

'இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நம் கலாசாரத்தைக் கெடுக்கிறது' என்று பின்னூட்டம் வரும், தெரியும். 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் டாக்டர் சுனிதி சாலமன் குழு சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில் ஆறில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில். நம் நாட்டில் அந்த நோய் இருப்பது அன்றைக்குத்தான் முதன்முதலில் தெரியவந்தது. அந்தச் செய்தியை முதலில் அறிந்த ஊர், பிள்ளைகளிடம் பேச வெட்கப்படக் கூடாது. சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் முன்கூட்டியே கெட்டுப் போவார்கள் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்பதை யுனெஸ்கோ 2018ல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு முன் இரண்டு வேலை. குழுத் தலைவியைப் பார்த்து, பெற்றோருக்குப் பாடத்தைக் காட்டும் நாளைப் பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் செவிலியரின் தேதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். முகாம், தடுப்பூசி நாள் என்று அவர்களுக்கு வேலை நிறைய. கழிப்பறைக்குப் பள்ளியில் பணம் இல்லை என்றால் அந்தக் கோரிக்கையைக் கிராம சபைக்கு எழுத்தில் கொண்டு போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தேதிகளில் எது முதலில் வருகிறதோ அதற்கு.