மாவிலைக் கஷாயமும் வெள்ளித் துகளும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் முதுகலை வேதியியல் மாணவி. ப்ராஜெக்டுக்காக எங்கள் தோப்பின் பெங்களூரா மாவிலையை வீட்டு போர் தண்ணீரில் காய்ச்சி, சில்வர் நைட்ரேட் கரைசலில் ஊற்றி, வெள்ளி நானோ துகள் செய்தேன். ஊற்றியதும் மோர் போல வெளுத்தது. ஜன்னலோரம் வைத்தேன், மதியத்துக்குள் ஊதா கலந்த பழுப்பாகிவிட்டது. இரண்டு நாளில் அடியில் கறுப்பு வண்டல். ஆனாலும் ஈ.கோலை பாக்டீரியா வளர்த்த தட்டில், கிருமி வளராத 14 மி.மீ. தடுப்பு வட்டம் கிடைத்தது. அப்பாவின் காலில் ஆறாத சர்க்கரைப் புண் இருக்கிறது. இதைப் போடலாமா?

– வாசகி, போச்சம்பள்ளி

அன்புள்ள மாணவிக்கு,

அப்பாவின் புண்ணில் ஒரு துளிகூடப் போடாதீர்கள். அந்தக் குடுவையில் வினைபுரியாத வெள்ளி அயனி இருக்கும், இலைச் சர்க்கரை இருக்கும், கிருமிநீக்கம் நடந்திருக்காது. சர்க்கரை நோயில் காலின் உணர்ச்சி குறைந்திருந்தால், தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. தீப்புண்ணுக்கு மருத்துவர் தரும் 1 சதவீத சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு, அளவும் தூய்மையும் சோதித்து வருவது. ஆறாத புண்ணை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். உடனே அழைத்துப் போங்கள்.

இனி குடுவைக்கு வருவோம். நீங்கள் செய்ததில் பெரும்பகுதி நானோ வெள்ளி அல்ல, சில்வர் குளோரைடு என்றே நினைக்கிறேன். பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வில் குளோரைடுக்கு என்ன சோதனை செய்தீர்கள்? சில்வர் நைட்ரேட் விட்டால் தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு. அதேதான் இங்கேயும் நடந்திருக்கிறது. வெயில் பட்டால் அந்த வீழ்படிவு ஊதாவாகிக் கறுக்கும். நம் பக்கத்து போர் தண்ணீர் என்றாலே ஃப்ளூரைடு நினைவுக்கு வரும், ஆனால் சில்வர் ஃப்ளூரைடு நீரில் கரைந்துவிடும். இங்கே கெடுப்பது குளோரைடு. ஒரு சோதனைக் குழாயில் வெறும் போர் தண்ணீரை எடுத்து இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். கலங்கினால் விடை கிடைத்துவிட்டது. புதிதாக விழுந்த வெண் படிவில் நீர்த்த அம்மோனியா விட்டால் கரைந்து தெளியும். அந்தக் கரைசலை மட்டும் எடுத்து வைக்காதீர்கள். காய்ந்தால் வெடிக்கக்கூடிய பொருள் உண்டாகலாம், அப்போதே நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அமிலமாக்கிவிடுங்கள்.

மறுபடி செய்யும்போது ஒரே மரத்தில் ஒரே பருவத்து முற்றிய இலையாகப் பறியுங்கள். வெள்ளி அயனியை வெள்ளித் துகளாக மாற்றும் இலைப் பொருளான பாலிஃபீனாலின் அளவு செந்தளிரில் வேறு, இரண்டையும் கலந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு முடிவு வரும். பூப்பருவத்தில் சாம்பல் நோய்க்குக் கந்தகம் அடித்த தோப்பு வேண்டாம், கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். இலையைக் குழாய் நீரில் கழுவினாலும் கடைசி இரண்டு அலசல் காய்ச்சி வடித்த நீரில் இருக்கட்டும். 10 கிராம் இலையை நறுக்கி, 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 80 டிகிரியில் 20 நிமிடம் வைத்து, ஆறவிட்டு வடிதாளில் வடியுங்கள். கஷாயத்தை ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பழசானால் பூசணம் பிடிக்கும்.

சில்வர் நைட்ரேட் 17 மில்லிகிராம், நீர் 100 மி.லி.: இது 1 மில்லிமோலார். இதில் 90 மி.லி. எடுத்துக் கலக்கிக்கொண்டே 10 மி.லி. கஷாயத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குடுவைக்கு அலுமினியத் தாள் சுற்றுங்கள். இலைக் கஷாயம் அமிலப் பக்கம் இருக்கும், அதில் வினை மெதுவாக நடந்து துகள் பெருக்கும். வெள்ளிக் கரைசலில் விடும் முன்பே கஷாயத்தில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டி பி.ஹெச். 8-க்குக் கொண்டுவாருங்கள். அதிகமானால் பழுப்பு சில்வர் ஆக்சைடு விழும், அதையும் நானோ என்று ஏமாறலாம்.

வெளுக்காமல் மஞ்சளாகி, தேன் நிறமாகி, பழுப்பாக வேண்டும். நிறத்தை மட்டும் நம்பாமல், எந்த அலைநீள ஒளி உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் யூ.வி.-விசிபிள் கருவியில் 400 முதல் 450 நானோமீட்டருக்குள் முகடு வருகிறதா பாருங்கள். முகடு அகன்று 500-ஐத் தாண்டி வால் நீண்டால் துகள்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. படிகத்தை எக்ஸ் கதிரால் அடையாளம் காணும் எக்ஸ்.ஆர்.டி.யில் 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரியில் வரும் முகடுகள் வெள்ளிக்கு உரியவை. 27.8, 32.2, 46.2 தெரிந்தால் அது சில்வர் குளோரைடு. இலையிலேயே கொஞ்சம் குளோரைடு உண்டு என்பதால் நல்ல நீரிலும் லேசாக வரலாம். வந்தால் அப்படியே எழுதுங்கள், தயவுசெய்து மறைக்காதீர்கள்.

அந்த 14 மி.மீ. வட்டத்தை வைத்து இப்போது எதையும் சொல்ல முடியாது. வெறும் வெள்ளி அயனியே கிருமியைக் கொல்லும். அதே தட்டில் கஷாயம் மட்டும், அதே அளவு வெள்ளியுள்ள சில்வர் நைட்ரேட் மட்டும், வெறும் நீர், ஒரு ஆன்டிபயாடிக் வில்லை ஆகியவற்றையும் வையுங்கள். துகளை நிமிடத்துக்கு 12,000 சுற்றில் 20 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் செய்து, மேல்நீரைக் கொட்டி, மூன்று முறை கழுவிய பிறகே சோதியுங்கள். 4,000 சுற்று எந்திரத்தில் சின்னத் துகள் இறங்காது, திரண்டு கெட்டவைதான் அடியில் சேரும். வட்டத்தின் அகலம், தட்டில் உள்ள அகார் கூழில் பொருள் எவ்வளவு பரவுகிறது என்பதையும் பொறுத்தது, ஆகவே எவ்வளவு செறிவில் வளர்ச்சி நிற்கிறது என்று திரவ ஊடகத்திலும் பாருங்கள்.

கையுறை அவசியம், சில்வர் நைட்ரேட் பட்ட தோல் கறுத்துப்போகும். மிஞ்சிய கரைசலையும் அந்த மேல்நீரையும் தொட்டியில் ஊற்றாமல் ஒரு பாட்டிலில் சேர்த்து உப்பு போடுங்கள். படியும் சில்வர் குளோரைடை வடித்து, பெயர் எழுதி, கழிவாக லேபில் ஒப்படையுங்கள்.