ஒப்பனை ராக்கும் பதின்வயதும்: கேள்வி பதில்

கேள்வி: ஒப்பனை ராக் பாடகர்களின் சாயம் பூசிய முகங்களும் ஓலமிடும் குரல்களும் பதினான்கு வயதுப் பிள்ளைகளை ஏன் இப்படிக் கட்டிப்போடுகின்றன?

பதில்: அந்த வயதில் தோழி பேசாமல் போன ஒரு மாலை உலகமே முடிந்த மாலையாகத் தெரியும், அதைச் சாதாரணக் குரலில் சொன்னால் பெரியவர்கள் சிரித்துவிடுகிறார்கள். மை கெமிக்கல் ரொமான்ஸ் என்ற ராக் குழுவின் ‘தி பிளாக் பரேட்’ (2006) பாடல் தொகுப்பில், சாகக் கிடக்கும் நோயாளியிடம் மரணம் ஓர் அணிவகுப்பாக வருகிறது. அந்த அணிவகுப்பை வரவேற்கும் பாடல் பியானோவின் ஒற்றைச் சுரத்தில் தொடங்கி, முரசைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு நிமிடத்திற்குள் கிட்டார்களோடு பாய்ந்தோடுகிறது. அறைக்குள் தனித்திருக்கும் பிள்ளையோடு திடீரென்று ஒரு கூட்டமே நடக்கிறது. சிரிக்காமல் நடக்கும் கூட்டம் அது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: வரிகளைத் தாளில் படித்துவிட்டு முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: இத்தகைய பாடல்களில் சிலவற்றை எமோ என்கிறார்களே, எமோ என்பது கண்மை தீட்டிக்கொள்வதா?

பதில்: இல்லை. 1980-களின் நடுவில் வாஷிங்டன் டி.சி.யில், வேகமும் ஆவேசமும் மிக்க ராக் வகையான ஹார்ட்கோர் பங்க் வட்டாரத்தில் புழங்கத் தொடங்கிய சொல் அது; கண்மை பின்னால் வந்தது.

கேள்வி: இதைக் கேட்டுக் கேட்டு மகள் மனச்சோர்வில் விழுந்துவிடுவாளா?

பதில்: துயரப் பாடல் கேட்பது மட்டுமே நோயின் அடையாளம் ஆகாது. உறக்கமும் உணவும் நட்பும் குறைந்திருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஹெட்போனைப் பிடுங்குவது மருத்துவம் அன்று.

கேள்வி: எல்லாமே வேஷம்தானே? ஒத்திகை பார்த்து அழுபவரின் அழுகை எப்படி உண்மையாகும்?

பதில்: 1973 ஜூலையில், லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியன் அரங்கில், ஜிக்கி ஸ்டார்டஸ்ட் என்ற ராக் நட்சத்திரத்தின் வேடத்தில் நின்ற பாடகர் டேவிட் போவி இதுவே கடைசி நிகழ்ச்சி என்று அறிவித்தார். உடன் வாசித்தவர்களில் சிலருக்குக்கூட அது முன்கூட்டித் தெரியாது. ஜிக்கி கற்பனைப் பாத்திரம்தான். அவனை இழந்த ரசிகர்களின் துயரமும் கற்பனையா?

மறுப்பு: அப்படியானால் அது இன்னும் பெரிய ஏமாற்று.

பதில்: வேடம் என்று தெரிந்தே வந்தவர்களை யார் ஏமாற்ற முடியும்? வீட்டில் “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று சொல்லக் கூசும் பிள்ளை, அதையே ஒரு பாத்திரத்தின் வரியாக உரக்கப் பாடுகிறது. யாராவது கேட்டால் “பாட்டுதானே” என்று நழுவிக்கொள்ளலாம். நீங்கள் போலி என்று பழிக்கும் அந்த வேடம்தான் அதற்கு மறைவிடம் தருகிறது.

கேள்வி: மகன் நாள் முழுக்க இதையே கேட்கிறான், மனச்சோர்வு வருமா?

பதில்: மேலே மகளுக்குச் சொன்னதே மகனுக்கும்.

கேள்வி: எந்தக் கிட்டார் வாங்கலாம்?

பதில்: என் துறையன்று, வாசிப்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: பெற்றோர் எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பதில்: குவீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’ (1975) நல்ல வாசல், ஏறக்குறைய ஆறு நிமிடம் ஓடியும் பல்லவி என்று ஒன்று திரும்ப வராத பாடல். அதற்குப் பின் உங்கள் பிள்ளை கேட்கும் தொகுப்பை முதல் பாடலிலிருந்து வரிசை மாற்றாமல் கேளுங்கள். வரிகளைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ள வேண்டாம்.