பள்ளி டிப்ளமோ கையில் இருந்தாலும் யூசி கதவு திறக்காமல் போகலாம்

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறோம். மகள் 9ஆம் வகுப்பை முடிக்கப்போகிறாள். கிராஜுவேஷனுக்கு வேண்டிய பாடங்களைப் பள்ளியே கவனித்துக்கொள்ளும் என்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் (யூசி) சேர அது போதுமா?

பதில்: போதாது. டிப்ளமோவுக்கு மாநிலம் கேட்கும் குறைந்தபட்சம் ஆங்கிலம் 3 ஆண்டு, கணிதம் 2, அறிவியல் 2, சமூக அறிவியல் 3, உடற்கல்வி 2. கலை, மொழி, தொழிற்கல்வி இவற்றில் ஏதாவது ஒன்று 1 ஆண்டு. பல பள்ளி டிஸ்ட்ரிக்டுகள் இதற்கு மேலும் கேட்கும். யூசியும் கால் ஸ்டேட்டும் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) பார்ப்பது ‘ஏ-ஜி’ என்ற வேறொரு பட்டியல்: வரலாறு 2, ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, ஆங்கிலம் அல்லாத ஒரே மொழியில் 2, கலை 1, எலெக்டிவ் (விருப்பப் பாடம்) 1. மொத்தம் 15 ஓராண்டுப் பாடங்கள். இவற்றில் 11ஐ 11ஆம் வகுப்பு முடிவதற்குள் முடிக்க வேண்டும் என்பது யூசியின் விதி. உடற்கல்விக்கு இதில் இடமில்லை.

பிள்ளைகள் அதிகம் சறுக்குவது ‘டி’ கிரேடில்தான். ‘டி’ வாங்கினாலும் பள்ளி கிரெடிட் தந்துவிடும், டிப்ளமோவும் வரும். ஏ-ஜி கணக்கிலோ ‘சி’க்குக் கீழே போனால் அந்தப் பாடம் எடுக்காததற்குச் சமம். கணிதத்திலும் மொழியிலும் ஒரு வழி உண்டு: ஸ்பானிஷ் 1இல் ‘டி’ வாங்கியவள் ஸ்பானிஷ் 2இல் ‘சி’ எடுத்தால் முந்தைய குறை நேராகிவிடும். ஆங்கிலத்திலும் வரலாற்றிலும் அந்தச் சலுகை கிடையாது. அந்த செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். அதைக் கோடை விடுமுறையிலேயே முடித்துவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால் 12ஆம் வகுப்பு டைம்டேபிளில் இடம் கிடைப்பதே கடினம்.

கலைப் பாடத்திலும் கவனம் தேவை. ஒரு செமஸ்டர் ஓவியமும் ஒரு செமஸ்டர் நாடகமும் சேர்ந்து ஓராண்டு ஆகாது. இரண்டும் ஒரே துறையாக இருக்க வேண்டும். ஸ்பானிஷ் 1, பிரெஞ்சு 1 என்று மாற்றி மாற்றிப் படித்தாலும் மொழிப் பாடம் நிறைவேறாது. வீட்டில் தமிழ் பேசுவது மட்டும் போதாது. மகள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள் என்றால், அந்தப் படிப்பு டிரான்ஸ்கிரிப்டில் (பள்ளியின் மதிப்பெண் பதிவில்) ஏறுமா என்று கவுன்சலரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

15 என்பது விண்ணப்பிக்கத் தேவையான அளவுதான். கணிதம் 4 ஆண்டு, அறிவியல் 3, மொழி 3 என்று யூசியே பரிந்துரைக்கிறது. இன்ஜினியரிங் யோசனை இருந்தால் இதை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

யூசி ஜிபிஏ (கிரேடுகளின் சராசரிப் புள்ளி) கணக்கிடுவது 9ஆம் வகுப்புக்குப் பிந்தைய கோடையிலிருந்து 11க்குப் பிந்தைய கோடை வரை எடுத்த ஏ-ஜி பாடங்களுக்கு. கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு 3.0 வேண்டும். ஏபி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்), யூசி அங்கீகரித்த ஹானர்ஸ் (உயர்நிலை) பாடங்களில் ‘சி’யோ அதற்கு மேலோ வாங்கினால் ஒரு புள்ளி கூடும். ஆனால் 8 செமஸ்டர்களுக்குத்தான். அதிலும் 10ஆம் வகுப்பில் படித்தவற்றில் 4 செமஸ்டருக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே கூடுதல் புள்ளிக்காக ஏபி பாடங்களை அடுக்குவதில் பயனில்லை. மகளால் நன்றாகச் செய்யக்கூடியதையும், படிக்க நினைக்கும் துறைக்கு உதவுவதையும் எடுக்கட்டும்.

இப்போது செய்ய வேண்டியது: யூசியின் ஏ-ஜி பாடப் பட்டியல் இணையதளத்தில் உங்கள் பள்ளியின் பெயரைத் தேடுங்கள். மகள் எடுக்கும் ஒவ்வொரு பாடமும் டிரான்ஸ்கிரிப்டில் உள்ள அதே பெயரில் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளியில் ‘ஹானர்ஸ்’ என்று சொல்லப்படும் சில பாடங்களுக்கு யூசியில் கூடுதல் புள்ளி இருக்காது. அதுவும் அந்தப் பட்டியலிலேயே தெரியும். டைம்டேபிளில் இடமில்லாத பாடத்தைக் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் ஈராண்டுக் கல்லூரியில்) எடுக்கலாம்: யூசிக்கு மாற்றத்தக்க 3 யூனிட் பாடம் ஒன்றை ஒரு செமஸ்டர் படித்தால், பெரும்பாலான துறைகளில் ஓராண்டுப் பள்ளிப் பாடத்துக்குச் சமம். அதன் கிரேடு நிரந்தரக் கல்லூரிப் பதிவில் நிற்கும் என்பதை மகளுக்கும் சொல்லிவையுங்கள்.

12ஆம் வகுப்பு மதிப்பெண் ஜிபிஏவில் வராது. ஆனாலும் சேர்க்கைக் கடிதம் நிபந்தனையோடுதான் வரும். விண்ணப்பத்தில் எழுதிய பாடத்தைப் பிறகு கைவிட்டாலோ ‘டி’ வாங்கினாலோ உடனே யூசிக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் கிடைத்த இடமே ரத்தாகலாம்.